700 பேர், மாதம் 10 டாலர்

ஓர் அயல்நாட்டுப் போரைப் பற்றி, அந்நாட்டை வரைபடத்தில் தேடிக் கண்டடைய இயலாத ஒருவர் அசைக்கவொண்ணாத கருத்தொன்றைக் கொண்டிருப்பது எங்ஙனம்? செய்தித்தாள் படித்து என்று சொல்லிவிடலாம். ஆனால் செய்தித்தாள் படிப்பவர்களின் கருத்துகள் அவ்வளவு உறுதியாக இருப்பதில்லை. நேற்று ஒன்று படித்தோம், இன்று வேறொன்று படிக்கிறோம் என்ற தயக்கம் அவர்களுடைய பேச்சில் எங்கேனும் தட்டுப்படும். நாங்கள் குறிப்பிடும் உறுதி வேறு வகையானது. நாள்தோறும் காலையில் வீட்டுக்குள் வந்து, பெயர் சொல்லி அழைத்து, நோய்க்காக மன்றாடி, பிறகு உலகச் செய்தியும் சொல்லிச் செல்கிற ஒரு குரலிலிருந்து பிறப்பது அது.

அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்துக் கடற்கரைப் பகுதியில் நாங்கள் இருவரும் 2001 முதல் 2005 வரை குடியிருந்தோம். நார்ஃபோக் கடற்படைத் தளமும், அதனையொட்டி விர்ஜீனியா பீச் நகரமும் உள்ள பகுதி அது. பாட் ராபர்ட்சன் நிறுவிய கிறிஸ்தவ ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.என்.னின் தலைமையகம் அந்நகரில்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அம்மையார் தனியாக வசித்தார். கணவர் கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்று மறைந்தவர். அம்மையார் பள்ளி உணவகம் ஒன்றில் முப்பதாண்டுகள் சமைத்தவர். எங்கள் மகள் பிறந்த இரவில் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது தம்முடைய பழைய வண்டியில் எங்களை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தவர் அவர். பிறகு மூன்று வாரங்கள் நாள் தவறாமல் எங்களுக்கு உணவு வந்தது. இறைச்சி உண்பதில்லை என்று ஒருமுறைதான் சொன்னோம். அதன்பின் ஒரு நாளும் தவறவில்லை. அவர் மாதந்தோறும் முதல் தேதியன்று ‘700 கிளப்’ நிகழ்ச்சிக்குக் காசோலை எழுதுவார். மின்கட்டணத்துக்கு முன்னால் அது போய்விடும்.

அந்த 700 என்ற எண்ணின் கதை சுவையானது. ராபர்ட்சன் 1961இல் போர்ட்ஸ்மத் நகரில் மிகச் சிறிய தொலைக்காட்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதனை நடத்துவதற்கு மாதம் 7,000 டாலர் தேவைப்பட்டது. 1963இல் நேயர்களை நோக்கி அவர் ஒரு கணக்கைச் சொன்னார்: 700 பேர் முன்வந்து ஆளுக்கு மாதம் 10 டாலர் கொடுத்தால் நிலையம் பிழைக்கும். பிழைத்தது. 1988இல் அவர் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் நின்று, அயோவா மாநிலத்தில் இரண்டாமிடம் பெறுகிற அளவுக்கு அது வளர்ந்தது. விளம்பரதாரர் இல்லை, அரசு மானியம் இல்லை. கொடுப்பவரே உரிமையாளர் என்ற உணர்வு நேயருக்கு உண்டு. தம்முடைய பத்து டாலரில் நடக்கும் நிலையம் தம்மிடம் பொய் சொல்லும் என்று எவர்தான் எண்ணுவார்?

சமய வானொலி என்பது தமிழர்களாகிய நமக்கு அயலான பொருளன்று. மணிலாவிலிருந்து சிற்றலையில் வந்த வெரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியை 1990களில் ஈழத்தில் எத்தனை வீடுகள் செவிமடுத்தன என்பதை அங்கிருந்து வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களிற் பலருக்கு அது செபத்துக்கான வானொலி மட்டுமன்று; போர்ச் செய்திக்கும், பிரிந்துபோன உறவுகள் பற்றிய செய்திக்கும் உரியது. இந்துக்களும் கேட்டார்கள். நம்பத்தக்க வேறு குரல் இல்லாத இடத்தில் சமயக் குரல் செய்தியாளரின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறது. அது நல்லதா தீயதா என்பதை அக்குரல் யாருடைய பக்கத்திலிருந்து பேசுகிறது என்பதை வைத்தே சொல்ல முடியும். இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்புவதும் ஏறக்குறைய இதுதான். ஆயினும் இதனைச் சற்றுச் சுற்றிவளைத்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கெல்லாம் முன்னோடி ஒரு கத்தோலிக்கக் குருவானவர். சார்லஸ் காக்ளின் கனடாவிலே பிறந்தவர். டெட்ராய்ட் நகரையடுத்த ராயல் ஓக்கில் பங்குத் தந்தையாக இருந்தபோது, 1926இல் அந்நகரின் வானொலி ஒன்றில் ஞாயிறுதோறும் பேசத் தொடங்கினார். முதலில் சிறுவர்களுக்கான மறைக்கல்வி. பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் பேச்சு வங்கிகள் பக்கம் திரும்பியது. அவருடைய குரலைக் கேட்டவர்கள் எல்லோரும் முதலில் குறிப்பிடுவது அதன் இனிமையைத்தான். உச்சத்தில் அவருக்கு மூன்று கோடி நேயர்கள் வரை இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். வந்து குவிந்த கடிதங்களைப் பிரிக்கவே ஒரு பெரும் எழுத்தர் படை வேண்டியிருந்தது.

1935 ஜனவரியில் அமெரிக்கா உலக நீதிமன்றத்தில் இணைவதற்கான ஒப்பந்தம் செனட் சபையின் முன் வந்தது. அதிபர் ரூஸ்வெல்ட் ஆதரித்தார்; எளிதில் நிறைவேறும் என்றே எல்லோரும் நினைத்தனர். ஜனவரி 27, ஞாயிற்றுக்கிழமை, காக்ளின் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, இது நம்மை ஐரோப்பியச் சண்டைகளில் மாட்டிவிடும் சதி, உங்கள் செனட்டருக்கு உடனே தந்தி அனுப்புங்கள் என்றார். ஹெர்ஸ்ட் நாளேடுகளும் அதே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தன. மறுநாள் வாஷிங்டனின் தந்தி அலுவலகங்கள் திணறின. பல்லாயிரக் கணக்கில் தந்திகள் வந்து விழுந்தன. செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு. ஆதரவு 52, எதிர்ப்பு 36. மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு வாக்குகள் குறைந்தன, ஒப்பந்தம் வீழ்ந்தது.

தந்தி அனுப்பியவர்களுள் எத்தனை பேர் ஹேக் நகரத்து நீதிமன்றத்தைப் பற்றி அந்த ஞாயிற்றுக்கு முன் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோம். அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. முதல் உலகப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் அவற்றுள் இருந்திருக்கும். ‘இனியொரு போர் வேண்டாம்’ என்ற நியாயமான அச்சம் அவர்களிடம் முன்னரே இருந்தது. காக்ளின் அந்த அச்சத்துக்கு ஒரு முகவரியையும் ஒரு கட்டளையையும் கொடுத்தார். அவ்வளவே. ஆனால் அந்த அவ்வளவின் விளைவு அடுத்த ஆண்டுகளில் தெரிந்தது. 1938 நவம்பரில் ஜெர்மனியெங்கும் யூதர்களின் கடைகளும் தொழுகைக் கூடங்களும் எரிக்கப்பட்டன. பத்து நாட்கள் கழித்து வந்த ஞாயிறு உரையில், கம்யூனிசத்தின் கொடுமைகளுக்கு எழுந்த எதிர்வினையாகவே அதனை அவர் விளக்கினார். பழியை யூதர்கள் மீதே திருப்பினார். நியூயார்க்கின் ஒரு நிலையம் அவரது அடுத்த உரைகளை ஒலிபரப்ப மறுத்தது. உடனே அந்த நிலையத்தின் வாசலில் அவருடைய நேயர்கள் வாரக்கணக்கில் மறியல் செய்தார்கள். 1940இல் அவரது வானொலி ஓய்ந்தது. 1942இல் அவரது இதழுக்கு அஞ்சல் உரிமை மறுக்கப்பட்டது; பேராயர் வாய்ப்பூட்டுப் போட்டார். அதன்பின் 1966 வரை அவர் அதே ஆலயத்தில் அமைதியாகத் திருமுழுக்கும் திருமணமும் நடத்திவைத்துக்கொண்டிருந்தார் என்பதைப் படித்தபோது எங்களுக்கு ஒரு விசித்திரமான உணர்வு ஏற்பட்டது.

காக்ளின் ஒதுங்கி நிற்கச் சொன்னவர். பின்னர் வந்த தொலைக்காட்சிப் போதகர்கள் தலையிடச் சொன்னவர்கள். எனினும் வேலை செய்யும் முறை ஒன்றே.

குவாத்தமாலாவின் கதை இதிலே மிகவும் துலக்கமானது. 1976 பிப்ரவரியில் அங்கே ஏற்பட்ட நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 23,000 பேர் மாண்டனர். நிவாரணப் பணிக்கு வந்தவர்களுள் கலிஃபோர்னியாவின் யுரேகா நகரைச் சேர்ந்த இளைஞர் சபை ஒன்றும் இருந்தது. அவர்கள் அங்கேயே தங்கி ‘வெர்போ’ என்ற சபையை நிறுவினர். 1974 அதிபர் தேர்தலில் வெற்றி பறிக்கப்பட்டு மனமுடைந்திருந்த எஃப்ரெயின் ரியோஸ் மோன்ட் என்ற படைத்தலைவர் அச்சபையில் சேர்ந்தார். அதன் பள்ளியில் நிர்வாகப் பொறுப்பும் ஏற்றார். 1982 மார்ச் 23 அன்று இளம் அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்த்து அவரை அழைத்து அரியணையில் அமர்த்தினார்கள். சில நாட்களுக்குள் பாட் ராபர்ட்சன் விமானம் ஏறிப் போய்ச் சேர்ந்தார். புதிய ஆட்சியாளரை நேர்கண்டு, மறுபிறப்படைந்த ஒரு கிறிஸ்தவர் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து நிற்கிறார் என்று தம் நேயர்களுக்கு அறிமுகப்படுத்தினார். அவருக்காக மன்றாடுங்கள், அவரது மக்களுக்கு உதவுங்கள் என்றார்.

ரியோஸ் மோன்ட் தாமும் ஒரு ஒளிபரப்பாளர்தாம். ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் தோன்றி, குடும்ப ஒழுக்கம், குடிப்பழக்கம், நேர்மை, கடவுளச்சம் ஆகியவை பற்றி நாட்டு மக்களுக்கு அறிவுரை வழங்குவார். அதே மாதங்களில் அவருடைய படை, கிச்சே மாநிலத்தின் மலைகளில் இஷில் மக்களின் ஊர்களைக் கொளுத்திக்கொண்டிருந்தது. நெபாஜ், சஹுல், கோட்சல் என்பன அப்பகுதியின் ஊர்ப் பெயர்கள். அடங்கியவர்களுக்கு அவரை, அடங்காதவர்களுக்குத் துப்பாக்கி என்பதே அத்திட்டத்தின் சாரம். பெயரே அவ்வாறுதான் வைத்திருந்தார்கள். விர்ஜீனியாவிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் திரட்டப்பட்ட அன்பளிப்பு, அந்த அவரையின் பக்கம் போய்ச் சேர்ந்தது. கொடுத்தவர்கள் ஏழைக்கு உணவு கொடுத்ததாகவே எண்ணினார்கள். ஒருவகையில் அது உண்மையுங்கூட. துப்பாக்கியின் மறுகை அது என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

மனித உரிமை மீறல்களின் பொருட்டு 1977 முதல் அந்நாட்டுக்கு அமெரிக்கப் படைத்துறை உதவி நின்றுபோயிருந்தது. 1982 டிசம்பரில் ரீகன் ரியோஸ் மோன்டைச் சந்தித்து, அவர்மேல் வீண்பழி சுமத்துகிறார்கள் என்ற பொருளில் பேசினார். அடுத்த மாதமே ஹெலிகாப்டர் உதிரிப் பாகங்களை விற்க அனுமதி கிடைத்தது. பனிப்போர்க் கணக்குகளே அதற்கு முதற்காரணம். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வெளியுறவுக் கொள்கையை உருவாக்கிற்று என்று சொன்னால் மிகையாகும். ஆனால் அம்முடிவை எடுத்த அரசுக்கு, இல்லங்களில் அதனை நியாயமென்று ஏற்கும் ஓர் அவை ஆயத்தமாக இருந்தது. அந்த அவையைத் திரட்டியவர்கள் போதகர்கள்.

1983 ஆகஸ்டில் ரியோஸ் மோன்டையும் கவிழ்த்தார்கள். 36 ஆண்டு உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காணாமற்போயோ இருக்கிறார்கள் என்றும், அடையாளம் காணப்பட்டவர்களுள் நூற்றுக்கு 83 பேர் மாயா மக்கள் என்றும், ஐ.நா. ஆதரவு பெற்ற உண்மை ஆணையம் 1999இல் கூறியது. 2013 மே மாதம் குவாத்தமாலாவின் நீதிமன்றமே, 1,771 இஷில் மக்களின் கொலைக்காக ரியோஸ் மோன்டை இனப்படுகொலைக் குற்றவாளி என்றது. பத்து நாட்களில் அரசியல் சாசன நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. மறுவிசாரணை முடியுமுன் 2018 ஏப்ரலில் அவர் காலமானார். ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் நகர முடியவில்லை. அவருடைய உடன்பிறந்த தம்பி கத்தோலிக்க ஆயர். போர்க்கொடுமைகளை ஆவணப்படுத்திய ஆயர் ஹெரார்தி, அறிக்கையை வெளியிட்ட இரண்டாம் நாள் 1998 ஏப்ரலில் கொல்லப்பட்டபோது, அந்த மனித உரிமை அலுவலகத்தின் பொறுப்பை ஏற்றவர் அந்தத் தம்பியே. நாவலில் எழுதினால் நம்பமாட்டோம்.

குவாத்தமாலாவை ஒட்டியே எல் சால்வடோர். ரியோஸ் மோன்ட் பதவியேற்ற நாளுக்குச் சரியாக இரண்டாண்டுகளுக்கு முன்னால், 1980 மார்ச் 23 ஞாயிறன்று, அங்கே இன்னொரு சமய ஒலிபரப்பு நடந்தது. பேராயர் ஆஸ்கார் ரொமேரோவின் ஞாயிற்றுக்கிழமை மறையுரைகள் மறைமாவட்டத்தின் சிறு வானொலி வழியாக நாடெங்கும் கேட்டன. உரையின் நடுவே, அந்த வாரம் கொல்லப்பட்டவர்கள், காணாமற்போனவர்கள் ஆகியோரின் பெயர்களை, ஊரோடும் நாளோடும் அவர் வாசிப்பார். செய்தித்தாள்கள் அச்சிடாத செய்தி அது. அந்த நிலையத்துக்குப் பலமுறை குண்டு வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒட்டுப்போட்டு மீண்டும் ஒலித்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் அவர் அதிபர் கார்ட்டருக்குக் கடிதம் எழுதி, எங்கள் அரசுக்குப் படைத்துறை உதவி அனுப்பாதீர்கள் என்று கேட்டிருந்தார். மார்ச் 23 அன்று படைவீரர்களை நோக்கி நேரடியாகப் பேசினார். உங்கள் சொந்த உழவர் குலத்தவரைச் சுடும்படி இடப்படும் கட்டளைக்குப் பணியவேண்டியதில்லை என்றார். மறுநாள் மாலை, மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொன்றார்கள். 2018 அக்டோபரில் திருச்சபை அவரைப் புனிதர் என்றது.

இரண்டும் ஞாயிறு ஒலிபரப்பு. இரண்டிலும் கடவுளின் பெயர். ஒன்றில் இறந்தவர்களின் பெயர் வாசிக்கப்பட்டது. மற்றதில் ஆட்சியாளரின் நற்பண்புகள் விளக்கப்பட்டன. நாங்கள் இப்போது எந்தச் சமய நிகழ்ச்சியைக் கேட்க நேர்ந்தாலும், எந்தச் சமயமாயினும் சரி, இந்த ஒரு வேறுபாட்டையே முதலில் தேடுகிறோம்.

2003ஆம் ஆண்டுக் கோடைக்கு வருவோம். லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியா முற்றுகையில் இருந்தது. அதிபர் சார்லஸ் டெய்லர் மீது, பக்கத்து நாடான சியரா லியோனில் நடந்த கொடுமைகளுக்காகச் சிறப்பு நீதிமன்றம் பிறப்பித்த குற்றச்சாட்டு ஜூன் மாதம் வெளியாகியிருந்தது. அவர் பதவி விலகவேண்டும் என்று புஷ் கேட்டார். அப்போது ராபர்ட்சன் தம் நிகழ்ச்சியில் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். பாப்டிஸ்ட் கிறிஸ்தவரான ஓர் அதிபரைக் கீழிறக்கி, முஸ்லிம் கிளர்ச்சியாளர்களுக்கு நாட்டைத் திறந்துவிடுகிறோம் என்பது அவர் வாதம். 1999இல் அவருடைய ‘ஃப்ரீடம் கோல்ட்’ என்ற நிறுவனம் டெய்லர் அரசிடம் தங்கச் சுரங்க உரிமை பெற்றிருந்தது. பின்னாளில், 2010இல், ஹேக் நகரத்து விசாரணையில், வாஷிங்டனில் தமக்காகப் பேச ராபர்ட்சன் முன்வந்ததாக டெய்லரே சாட்சியம் அளித்தார். ராபர்ட்சன் தரப்பு அதனை மறுத்தது.

எங்கள் அம்மையார் அந்த ஜூலை மாதம் இடுப்பெலும்பு அறுவை முடிந்து படுக்கையில் இருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணி வந்துபோனார். அவர் லைபீரியாக்காரர், லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். காலை நிகழ்ச்சி ஓடும்போது அவரும் அறையில்தான் இருப்பார். தலையணையை மாற்றுவார், மாத்திரை கொடுப்பார், ஒன்றும் பேசமாட்டார். நாங்கள் சென்றிருந்த ஒரு நாள், உங்கள் அதிபர் நல்ல கிறிஸ்தவர்தானே, அவருக்காக நான் நாள்தோறும் மன்றாடுகிறேன் என்று அம்மையார் அந்தப் பெண்மணியிடம் கனிவோடு கேட்டார். அவரைத் தேற்றும் எண்ணமே அக்கேள்வியில் இருந்தது. அப்பெண்மணி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ஆம், அவர் பாப்டிஸ்ட்தான் என்றார். அவருடைய ஆட்கள் சாலையில் கயிறு கட்டி நிறுத்திய ஓரிடத்தில் தம் அண்ணனைப் பேருந்திலிருந்து இறக்கியதையும், பேருந்து அவர் இல்லாமல் புறப்பட்டதையும் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கம் ஏதுமில்லை. அந்த ஆட்களின் கழுத்திலும் சிலுவை இருந்தது என்று மட்டும் கடைசியில் சேர்த்துக்கொண்டார்.

அம்மையார் தொலைக்காட்சியை அணைத்தார். அண்ணனின் பெயர் என்ன என்று கேட்டார். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி, மன்றாட்டுக்கென்று வைத்திருந்த குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். டெய்லரின் பெயரும் அதே பக்கத்தில் மேலே இருந்தது. அவர் அதனை அடிக்கவில்லை. அடுத்த மாதம் முதல் தேதியன்று காசோலையும் வழக்கம்போலப் போயிற்று. அஞ்சற்பெட்டியில் போட்டு வந்தது நாங்கள்தாம்.

இதனை எப்படிப் பொருள்கொள்வது என்பதில் எங்கள் இருவருக்கும் இன்றுவரை உடன்பாடு இல்லை. எங்களில் ஒருவர், கண்ணெதிரே நின்ற சாட்சியைவிடத் திரையில் தோன்றிய முகத்துக்கே மதிப்புக் கொடுத்தார், அதுவே இவ்வமைப்பின் கொடூரம் என்கிறார். மற்றவர் அதனை ஒப்புவதில்லை. பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாரே, அது ரொமேரோ செய்த வேலையன்றோ, நாற்பதாண்டுப் பழக்கத்தின் எதிரில் ஒரு பிற்பகலில் ஒரு கிழவி வேறென்ன செய்துவிட முடியும் என்கிறார். பக்கத்து வீட்டிலிருந்து நாங்கள் என்ன சொன்னோம் என்று கேட்டால், ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்குரியவர் அப்பெண்மணி, அவர் சொல்லிவிட்டிருந்தார்.

லைபீரியப் போரைச் சிலுவைக்கும் பிறைக்குமான போராகப் பார்ப்பது எவ்வளவு தவறானது என்பதற்கு மன்ரோவியாவின் மீன்சந்தையே போதும். அவ்வாண்டு லேமா போவீ என்னும் லுத்தரன் பெண்மணி முன்னின்று நடத்த, கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை ஆடை உடுத்தி, சந்தையை அடுத்த திடலில் வெயிலிலும் மழையிலும் அமர்ந்து, போர் நிற்க வேண்டும் என்றார்கள். ஆகஸ்ட் 11 அன்று டெய்லர் பதவி விலகி நாட்டை விட்டு வெளியேறினார். 2011இல் லேமா போவீ நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2012இல் டெய்லருக்கு ஐம்பதாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அந்நகரின் கத்தோலிக்க வானொலிக்கும் வெரித்தாஸ் என்றே பெயர். டெய்லர் அரசு அதனைப் பலமுறை நெருக்கிற்று. உண்மை என்று பொருள்படும் லத்தீன் சொல் அது.

அயல்நாட்டுப் போரொன்று நேயருக்குத் தனியாக வந்து சேர்வதில்லை. அவருக்கு முன்பே தெரிந்த பெருங்கதையொன்றின் ஓர் அத்தியாயமாக அது வந்து சேர்கிறது. லைபீரியா தெரியாது, ஆனால் துன்புறுத்தப்படும் நம்பிக்கையாளர் என்ற பாத்திரம் தெரியும். குவாத்தமாலா தெரியாது, கோலியாத்தின் முன் தாவீது தெரியும். பெயரை மட்டும் பொருத்தினால் போதுமானது. நம் ஊரில் கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது விளங்காமற் போகாது. நடப்பு அரசியலை நடுவே ஒரு வரி சொருகும்போது சபை சிரிக்கும். அந்தச் சிரிப்பிலேயே யார் ராவணன் என்பது முடிவாகிவிடும்.

இந்தப் பொருத்தம் முழுமையாக நிறைவேறிய இடம் இஸ்ரேல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி வகுத்த இறுதிக்கால இறையியல், 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டின் குறிப்புரைப் பதிப்பின் வழியே அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது. யூதர்கள் தம் நிலத்துக்குத் திரும்புவது அதிலே ஒரு கட்டாயக் காட்சி. 1948உம் 1967உம் அதனை மெய்ப்பித்ததாக நம்பியவர்களுக்கு, அங்கே நடக்கும் ஒவ்வொரு மோதலும் முன்னரே எழுதப்பட்டது. 1981 ஜூனில் இராக்கின் அணு உலையை இஸ்ரேல் குண்டுவீசி அழித்தபோது, பிரதமர் பெகின், தொலைக்காட்சிப் போதகர் ஜெர்ரி ஃபால்வெல்லைத் தொலைபேசியில் அழைத்து, அமெரிக்கக் கிறிஸ்தவர்களுக்கு இதனை விளக்கும்படி கேட்டுக்கொண்டார் என்பது பலரும் பதிவு செய்துள்ள செய்தி. ஃபால்வெல்லுக்கு எத்தனை வீடுகளின் கதவுகள் திறந்திருந்தன என்பதைப் பெகின் அறிந்திருந்தார். 2013இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கின்படி, அந்நிலத்தைக் கடவுள் யூதர்களுக்கு அளித்தார் என்று நம்பும் வெள்ளை இவாஞ்சலிக்கர்கள் நூற்றுக்கு 82 பேர். அமெரிக்க யூதர்களிடையே அது 40தான்.

கதையின் மீதுள்ள பற்று சிலபோது கதைநாயகர் மீதே பாயும். 2005இல் காசாவிலிருந்து வெளியேறிய பிரதமர் ஷரோன் 2006 ஜனவரியில் மூளைத்தாக்கால் வீழ்ந்தபோது, கடவுளின் நிலத்தைப் பிரித்ததற்கான தண்டனை என்று பொருள்பட ராபர்ட்சன் பேசினார். கலிலேயாவில் அவருடன் சேர்ந்து யாத்திரை மையம் அமைக்கும் திட்டத்தை இஸ்ரேல் சுற்றுலாத் துறை நிறுத்திவைத்தது. அவர் மன்னிப்புக் கடிதம் அனுப்பினார். அடுத்த மாதமே, டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் போதகர் ஜான் ஹேகீ, இஸ்ரேலுக்கான கிறிஸ்தவர்களின் பேரமைப்பைத் தொடங்கினார். 2018 மே 14 அன்று ஜெருசலேமில் அமெரிக்கத் தூதரகம் திறக்கப்பட்டபோது நிறைவு மன்றாட்டைச் சொன்னவர் அவரே. அன்று காசா எல்லை வேலியருகே அறுபது பேரளவில் சுட்டுக் கொல்லப்பட்டனர். தொலைக்காட்சிகள் திரையை இரண்டாகப் பிரித்து இரண்டையும் ஒருசேரக் காட்டின. ராபர்ட்சன் 2023 ஜூனில் தம் 93ஆம் வயதில் மறைந்தார். நிகழ்ச்சியை மகன் நடத்துகிறார்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரவர் மாண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் பெத்லகேமின் லுத்தரன் ஆலயத்தில் வழக்கமான கிறிஸ்துமஸ் குடில் வைக்கப்படவில்லை. உடைந்த சிமெண்டுக் கற்களைக் குவித்து, பாலஸ்தீனத் துண்டு போர்த்திய குழந்தையை அவற்றின் நடுவே கிடத்தியிருந்தார்கள். அவ்வாலயத்தின் போதகர் முந்தர் ஐசக், மேலைநாட்டுத் திருச்சபைகளின் மௌனத்தைப் பெயர் சொல்லிக் கேட்கும் மறையுரை ஒன்றை ஆற்றினார். அவரிடம் மாதம் 7,000 டாலரில் நடக்கும் நிலையம் எதுவும் இல்லை. இணையத்தில் நேரலையாகச் சென்ற அந்த உரையை நாங்கள் இருவரும் சமையலறை மேசையில் கைப்பேசியைச் சாய்த்துவைத்துக் கேட்டோம். நடுவே இரண்டுமுறை இணைப்பு அறுந்தது.